அரிப்புக்கு: காலை ஒன்று, இரவு இரண்டு

மார்ச் 4

மருமகளுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். இரண்டு வருடம் மூன்று மாதமாக விசாரிக்காதவள் இன்று விசாரித்தால், கடிதத்துக்கு அழகு சேர்க்க எழுதியிருக்கிறாள் என்றுதான் நினைப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாட்களாக என் இரண்டு கைகளிலும் தடிப்பு. காலையில் முழங்கைக்கு மேல் பொத்தான் அளவு இருக்கும். மதியத்துக்குள் உள்ளங்கை அளவு பரவும். மாலையில் அந்த இடம் சுத்தமாக இருக்கும், அடுத்த கையில் புதிதாகக் கிளம்பியிருக்கும். வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள் இப்படித்தான் வீடு மாறுவார்கள்.

தெருமுனையில் இருக்கும் டாக்டரிடம் போனேன். வயது முப்பது இருந்தால் அதிகம். ஒரு மாத்திரை எழுதினான். இது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று கேட்டேன். துண்டுக் காகிதத்தில் ஒரு பூட்டு வரைந்தான். "இது பூட்டு பாட்டிம்மா. ஹிஸ்டமின்தான் சாவி. நம்ம மாத்திரை ஒடஞ்ச சாவி மாதிரி உள்ள போய் மாட்டிக்கும். அவ்ளோதான்" என்றான். "அவ்வளவுதான் என்றால் எவ்வளவு?" என்று கேட்டேன். மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டான். நான் அவனுக்குப் பாட்டியும் அல்ல.

நீ இருபது வருடமாக ஆராய்வது இந்தப் பூட்டைத்தான் என்று உன் மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் புரியவில்லை. ஆனால் நில அளவைக்காரர் அல்லவா, "நம்ம மருமக உலகத்திலேயே சின்ன நிலத்தை அளக்கறா" என்று தமக்குப் பிடித்தபடி புரிந்துகொண்டார்.

இந்த மாத்திரை என்ன செய்கிறது என்று சரியாக எழுது. உவமை வேண்டாம். தெரிந்துகொள்ளாமல் நான் எதையும் வாயில் போடுவதாக இல்லை. இனிமேல் இல்லை.

உன் கணவனிடம் கேட்டுப் பார்த்தேன். "அவளையே கேளுங்கம்மா" என்றான். தொலைபேசியில் கேட்க மாட்டேன். அதில் இருமலுக்கும் மௌனத்துக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

அத்தை


மார்ச் 21

அத்தைக்கு,

வீட்டு முகவரிக்கு எழுதாமல் ஆய்வுக்கூடத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். புரிந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றாமலே பிரித்துவிட்டேன். இங்கே அது பெரிய குற்றம். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீங்கள் கேட்டது இது.

தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்று ஒருவகை செல் உண்டு. அதற்குள் நுண்ணிய பைகள். பைகளில் ஹிஸ்டமின். ஏதாவது ஒன்று சீண்டினால் பைகள் வெளியே கொட்டிவிடும். கொட்டிய ஹிஸ்டமின் பக்கத்திலுள்ள மெல்லிய ரத்தக்குழாயைச் சென்று சேரும். அந்தக் குழாயின் செல்கள் ஒவ்வொன்றின் சவ்விலும் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்பது ஒரு புரத இழை. சவ்வை ஏழு முறை ஊடுருவித் தைத்துக்கொண்டு போகும். ஏழு தையலுக்கும் நடுவே ஒரு குழி. ஹிஸ்டமின் அந்தக் குழியில் உட்கார்ந்தால் இழை உருமாறும். வெளியே யாரோ வந்திருக்கிறார்கள் என்பது உள்ளே தெரிந்துவிடும். செல்லுக்குள் கால்சியம் உயரும். செல்கள் சுருங்கி, ஒன்றைவிட்டு ஒன்று விலகும். விலகிய இடைவெளியில் நீர் கசியும். அதுதான் உங்கள் தடிப்பு. நரம்பு முனையிலும் இதே ஏற்பி உண்டு. அங்கே உட்கார்ந்தால் அரிப்பு.

நீங்கள் சாப்பிட வேண்டிய மாத்திரை அந்தக் குழியை அடைக்கிறது. ஹிஸ்டமினை அது அழிப்பதில்லை. ஹிஸ்டமின் வெளியே அலைந்துகொண்டுதான் இருக்கும், உட்கார இடம் கிடைக்காது. ஏற்கெனவே கசிந்த நீரை மாத்திரை திரும்பக் கொண்டுவராது. அதனால் தடிப்பு வருமுன் போட்டுக்கொள்வது நல்லது. ஒருமுறை போட்டால் ஒரு நாள் முழுவதும் ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது.

டாக்டர் எழுதியது புது வகை, நல்ல மாத்திரை. தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் அவர் நலம்.

மருமகள்


மார்ச் 30

மருமகளுக்கு,

உன் விளக்கம் பரவாயில்லை. உவமை வேண்டாம் என்று சொல்லியும் தையல் வேலை பார்த்திருக்கிறாய். மன்னித்தேன்.

ஆனால் ஓரிடத்தில் மாத்திரை குழியை "அடைக்கிறது" என்கிறாய். நான்கு வரி தள்ளி ஏற்பியைப் "பிடித்துக்கொள்கிறது" என்கிறாய். அடைப்பது வேறு, பிடித்துக்கொள்வது வேறு. வாசலில் மூட்டையைப் போட்டு வழியை மறிப்பதும், கதவைக் கையால் பிடித்து நிற்பதும் ஒன்றல்ல. இரண்டில் எது? முன்பெல்லாம் உன் கட்டுரைகளை எனக்குத்தான் முதலில் அனுப்புவாய். அப்போது இப்படி எழுதியிருந்தால் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருப்பேன். இப்போது யார் கேட்கிறார்கள் உன்னை?

இன்னொரு கேள்வி. புது வகை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் பழைய வகை ஒன்று உண்டு. பழையது தூங்க வைக்கும், புதியது தூங்க வைக்காது என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே ஏற்பியில்தான் போய் உட்கார்கின்றன என்றால் ஒன்று மட்டும் ஏன் தூங்க வைக்கிறது?

மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை. தடிப்பு இப்போது கழுத்துக்கு வந்திருக்கிறது. கழுத்துப்பட்டை உயர்ந்த ரவிக்கைகளைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன். இந்த வெயிலுக்கு அது பொருத்தமில்லை, ஆனால் எதிர்வீட்டுக்காரிக்குப் பேச ஒரு விஷயம் குறையும்.

அத்தை


ஏப்ரல் 14

அத்தைக்கு,

யாரும் கேட்பதில்லை. போன வருடம் என் கட்டுரை ஒன்றில் ஒரே பத்தி இரண்டு முறை அச்சாகிவிட்டது. ஆசிரியர் குழுவில் ஆறு பேர். ஒருவரும் கவனிக்கவில்லை. உங்களை நினைத்துக்கொண்டேன். உங்கள் சிவப்பு மை பட்ட பழைய பக்கங்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன.

முதல் கேள்விக்குப் பதில்: பிடித்துக்கொள்கிறது என்பதுதான் சரி. அடைக்கிறது என்று எங்கள் துறையில் பல வருடம் எழுதினார்கள். அது தவறு என்று நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கிண்ணத்தில் செல்களை வளர்த்து, அவற்றில் இந்த ஏற்பியைப் பதித்து, ஹிஸ்டமின் போட்டால் உள்ளே எவ்வளவு சமிக்ஞை எழுகிறது என்று அளக்க வேண்டும். முதலில் ஹிஸ்டமின் போடாத கிண்ணத்தை அளந்தேன். சும்மா இருக்க வேண்டிய கிண்ணம். ஆனால் கருவி கொஞ்சம் காட்டியது. எங்கேயோ ஹிஸ்டமின் சிந்திவிட்டது, என் கை சுத்தமில்லை என்று பயந்துபோய்க் கழுவினேன். மறுபடியும் காட்டியது. மூன்று வாரம் கழுவினேன், அத்தை. பாத்திரம் மாற்றினேன், திரவம் மாற்றினேன். அந்தச் சின்ன எண் போகவே இல்லை.

கடைசியில் பிரிவுத் தலைவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ஏற்பி அசையாமல் நிற்கும் பொருள் இல்லை. திறந்த வடிவத்துக்கும் மூடிய வடிவத்துக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். யாரும் வராவிட்டாலும் அவ்வப்போது தானாகத் திறக்கும். திறந்து, வெறுமனே உள்ளே சொல்லிவிட்டு, மூடிக்கொள்ளும். ஹிஸ்டமின் வந்தால் அதைத் திறந்த பக்கத்தில் நிறுத்தி வைக்கிறது. நம் மாத்திரை வந்தால் மூடிய பக்கத்தில் பிடித்து வைக்கிறது. அந்தக் கிண்ணத்தில் மாத்திரையைக் கரைத்து ஊற்றியபோதுதான் அந்தச் சின்ன எண்ணும் அடங்கியது.

இரண்டாவது கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுதவில்லை. பதில் தெரியாமல் இல்லை. நீங்கள் எந்த மாத்திரையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அலமாரி முன்னால் நின்று நான் கத்தியது போதாதா? அதையே மறுபடியும் அறிவியலாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமா?

மருமகள்


ஏப்ரல் 15

அத்தைக்கு,

நேற்றைய கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். கழுத்தில் தடிப்பு என்றால் கவனமாக இருக்க வேண்டும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், மாத்திரைக்கும் என் கடிதத்துக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் பிள்ளையிடம் தினமும் தொலைபேசியில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டால், நான் சொல்லித்தான் கேட்கிறார் என்று காட்டிக்கொள்ளாதீர்கள்.

மருமகள்


ஏப்ரல் 29

மருமகளுக்கு,

கேட்டான். ஏழு நாளும் ஒரே கேள்வி: "நாக்கு எப்படிம்மா இருக்கு?" எட்டாம் நாள், "உன்னைத் திட்டுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறது" என்றேன். நல்ல காரியம் செய்தால் அவன் உன் கணவன், அசட்டுத்தனம் செய்தால் என் பிள்ளை என்று நீயும் ஒரு முறை வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. நான் நேர்மாறாக வைத்திருக்கிறேன்.

யாரும் வராவிட்டாலும் தானாகத் திறக்கும் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் நான் திருத்தவில்லை. தபால் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் பதினொரு மணிக்கு எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன். ஏன் என்று யாராவது கேட்டால் செடிக்குத் தண்ணீர் என்பேன். வாசலில் செடி இல்லை.

இரண்டாவது கேள்விக்கு நீ பதில் எழுதாததையும் பதிலாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அரைகுறைப் பதில் பிடிக்காது. அதனால் என் பக்கத்தை முதலில் முழுதாக எழுதிவிடுகிறேன்.

சிறுநீரகம் பழுதான பிறகு அவருக்கு அந்த அரிப்பு வந்தது. நீ எட்ட இருந்தாய், நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நகம் வெட்டினேன். நகம் இல்லாதபோது நிலம் அளக்கும் பித்தளை அளவுகோலை எடுத்து முதுகைக் கீறிக்கொண்டார். நாற்பது வருடம் ஒரு கீறல் விழாமல் உறையில் போட்டு வைத்த அளவுகோல். அதன் விளிம்பில் அவர் ரத்தத்தை நான் துடைத்தேன்.

நீ வெள்ளை மாத்திரை அனுப்பினாய். வீட்டில் பழைய மஞ்சள் மாத்திரையும் இருந்தது. முப்பத்தொரு வருடம் நூலகத்தில் அட்டவணை போட்டவள் நான். ஒரே பொருளைப் பற்றிய புத்தகங்கள் ஒரே தட்டில் இருக்க வேண்டும். யார் எழுதியது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மருந்து அலமாரியையும் அப்படித்தான் வைத்திருந்தேன்: தலைவலிக்கு, காய்ச்சலுக்கு, அரிப்புக்கு. வெள்ளையையும் மஞ்சளையும் ஒரே குப்பியில் போட்டு, சீட்டு ஒட்டினேன். வெள்ளை தீர்ந்தது. மஞ்சளும் தீர்ந்தது. கடையில் போய் "அரிப்புக்கு" என்று கேட்டேன். மஞ்சளைக் கொடுத்தார்கள். சீட்டில் எழுதியிருந்ததற்கும் வாங்கியதற்கும் முரண் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அது வேலை செய்தது. அவர் சொறிவதை நிறுத்தினார். தூங்கினார். நானும் தூங்கினேன்.

இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு வருடமாக எழுதிப் பார்க்கிறேன்.

பிறகு பகலிலும் தூங்கினார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று யோசித்தார். என்னைப் பார்த்து, "மேடம், ஆபீஸ் எப்ப தெறப்பாங்க?" என்று கேட்டார். வயது, நோய் என்றார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது. பதில் எழுது. என்னைக் காப்பாற்றும் எண்ணத்தோடு ஒரு சொல்லும் எழுதாதே.

அத்தை


மே 16

அத்தைக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

மஞ்சள் மாத்திரை சின்ன மூலக்கூறு, கொழுப்பில் எளிதாகக் கரையும். மூளைக்குள் புகுந்துவிடும். மூளையிலும் ஹிஸ்டமின் உண்டு. அங்கே அதற்கு அரிப்போடு சம்பந்தமில்லை. நம்மை விழித்திருக்க வைப்பது அதன் வேலை. மாத்திரை அந்த ஏற்பிகளையும் மூடிய பக்கத்தில் பிடித்து வைக்கிறது. அதனால் தூக்கம். வெள்ளை மாத்திரை மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர்வரை வரும். அங்கே சில புரதங்கள் அதைத் திரும்ப ரத்தத்துக்குள்ளேயே தள்ளிவிடும்.

மஞ்சள் அதோடு நிற்பதில்லை. நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய வேறொரு வேதிப்பொருளின் ஏற்பிகளிலும் போய் உட்காரும். வயதானவர்களுக்குக் குழப்பம் வருவது அதனால்தான். சிறுநீரகம் கெட்டவர் உடம்பில் இதெல்லாம் இன்னும் கடுமையாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. காப்பாற்றும் எண்ணத்தோடு எழுதாதே என்றதால் எழுதுகிறேன். சிறுநீரக நோயின் அரிப்புக்குப் பெரும்பாலும் ஹிஸ்டமின் காரணமில்லை. மாத்திரை அரிப்பை நிறுத்தியிருக்காது. அரிப்பை உணர்கிறவரைத்தான் தூங்க வைத்திருக்கும்.

மாமாவின் குழப்பத்தில் நோயின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது. மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் நாள் அவர் தெளிவாகக் கண் விழித்தார். அதை மட்டும் சொல்ல முடியும்.

இனி என் பக்கம்.

அவர் போவதற்கு எட்டு மாதம் முன்னால், ஏப்ரலில், ஒரு நாள் தொலைபேசியில் பேசினோம். "அரிப்பு மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு குடுக்கறேன். இன்னும் சொறியறார்" என்றீர்கள். எனக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. "அப்போ ராத்திரிக்கு இன்னொண்ணு சேர்த்துக் குடுங்க அத்தை, ஒண்ணும் ஆகாது" என்றேன். நான் அனுப்பிய வெள்ளை மாத்திரை என்று நினைத்தேன். பெயர் கேட்கவில்லை. என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை. மாணவர்கள் குப்பியில் பெயர் எழுதாமல் வைத்தால் வேலையை விட்டே அனுப்பும் நான், உங்களிடம் ஒரு பெயர் கேட்கவில்லை. நீங்கள் தவறு செய்வீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்கு வந்து அலமாரியைத் திறந்து, குப்பியைக் கவிழ்த்து, மஞ்சளைப் பார்த்தபோது அந்தத் தொலைபேசிப் பேச்சு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் "மாமாவைத் தூங்க வெச்சதே நீங்கதான்" என்று கத்தினேன். நினைவுக்கு வந்த பிறகு, அத்தை. முன்னால் இல்லை.

மருமகள்


ஜூன் 20

மருமகளுக்கு,

ஒரு மாதம் தாமதம். கை வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை என்று எழுதலாம். அது ஒரு வாரத்துக்கு உண்மை.

அந்தத் தொலைபேசிப் பேச்சு எனக்கும் நினைவிருக்கிறது. "இரவு ஒன்று" என்பதை அடித்து "இரவு இரண்டு" என்று சீட்டில் எழுதியவள் நான்தானே? நீ அலமாரி முன்னால் கத்தியபோது அது என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் நீ அங்கேயே உடைந்து போயிருப்பாய். அவர் பக்கத்தில் உட்கார உடையாத ஆள் ஒருத்தி வேண்டியிருந்தது. இதைப் பெருந்தன்மை என்று எண்ணாதே. பாதி அதுதான். மீதிப் பாதி, இவளிடம் போய் நான் நியாயம் பேசுவதா என்ற கர்வம்.

அலமாரிச் சாவியை உன் கையில் கொடுத்தேன். "இனிமே நீயே பாத்துக்கோ" என்றேன். முன்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது நாள். சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே. உன் கணவன் நடுவில் தட்டோடு நடந்துகொண்டிருந்தான், பாவம்.

இத்தனை வருடமாக இந்தக் குடும்பத்தில் ஒரு சொல்லையும் நான் திருத்தாமல் விட்டதில்லை. உன் மாமா எனக்கு "திருத்தம்" என்றே பெயர் வைத்திருந்தார். "திருத்தம் வந்தாச்சு, எல்லாரும் நேரா உக்காருங்க" என்பார். எல்லாவற்றையும் திருத்தினேன். எழுந்து போய் இந்த ஒன்றைத் திருத்திக்கொள்ள மட்டும் என்னால் முடியவில்லை.

ஐந்தாம் நாள் அவர் விழித்தார் என்று எழுதியிருந்தாய். தெரியும். குரல் கேட்டது. பழைய குரல். சுவர் நடுவில் இருந்ததால் சொற்கள் கேட்கவில்லை. நாலு நாள் உன்னோடு பேசினார். ஒன்பதாம் நாள் விடிகையில் நீ வந்து கூப்பிட்டபோது பேச்சு முடிந்திருந்தது.

ஏற்பி, குழி, பூட்டு என்று நான் இவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் சுற்றுவழி. உனக்கும் தெரிந்திருக்கும். என் கேள்வி ஒன்றே ஒன்று. அந்த நாலு நாளில் அவர் என்ன பேசினார்? நான் அப்போது கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் கிளம்பிப் போய்விட்டாய்.

என்னைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும் என்றில்லை. மழையைப் பற்றிப் பேசியிருந்தால் மழையைப் பற்றி எழுது.

அத்தை


ஜூலை 2

அத்தைக்கு,

மழையைப் பற்றியும் பேசினார். எல்லாம் எழுதுகிறேன். ஒன்றையும் நான் மறக்கவில்லை. இரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. உங்களுடையது, என்னிடம் இருக்கிறது.

முதல் நாள் பகல் இரண்டு மணி இருக்கும். கண்ணைத் திறந்து, "என்ன கிழமை?" என்றார். வியாழன் என்றேன். "திருத்தம் எங்க?" என்றார்.

"தூங்கறாங்க மாமா."

"பகல்லயா? அவளா?" சிரித்தார். "பொய் சொல்றதுக்கு முன்னாடி ஆளைப் பத்தி விசாரிச்சுக்கணும்மா."

"சண்டையா?" என்றார். தலையாட்டினேன். "என்னாலயா?" என்றார். இல்லை என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்றார். உங்கள் செருப்புச் சத்தம். முன்னறையிலிருந்து வந்தது, மாமாவின் அறை வாசலுக்கு வெளியே நின்றது, திரும்பிப் போனது. கதவு பாதி சாத்தியிருந்ததால் ஆள் தெரியவில்லை. "பதிமூணு தப்படி" என்றார். "அந்த நாற்காலிலேர்ந்து இந்த வாசல் வரைக்கும். வீடு கட்டறப்போ நான்தானே அளந்தேன்." பிறகு பென்சில் கேட்டார். மாத்திரைப் பெட்டியைக் கிழித்து அதன் உட்பக்கத்தைக் கொடுத்தேன். தலையணைமேல் வைத்து வரைந்தார். நாற்காலி, நடை, வாசல், கட்டில். அளவு பத்து தப்படிக்கு ஒரு சாண் என்றார், பிறகு இடம் போதாது என்று மாற்றினார். நாற்காலியிலிருந்து வாசல்வரை புள்ளிக்கோடு. நீங்கள் வந்து திரும்பும்போதெல்லாம் வாசல் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

அரிப்பு இருந்தது. மறைக்க மாட்டேன். சொறிந்துகொண்டேதான் வரைந்தார். தூங்க ஏதாவது தரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், எண்ணிக்கை விட்டுப் போயிடும்" என்றார்.

மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. "நான் போய்க் கூப்பிடட்டுமா மாமா?" என்றேன்.

"கூப்ட்டா வர மாட்டா. கூப்ட்டதால வந்தாளா, தானா வந்தாளான்னு அப்புறம் அவளுக்கே சந்தேகம் வந்துடும். வாசல்லேர்ந்து கட்டில் மூணே தப்படி. பதிமூணு வந்தவளுக்கு மூணு பெரிசா? நாளைக்கு வந்துடுவா."

நாலாம் நாள் மாலையும் அதையே சொன்னார். நாளைக்கு வந்துடுவா.

நான் எழுந்து கதவை முழுக்கத் திறந்து வைத்திருக்கலாம், அத்தை. அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. கோபத்தில் செய்யவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடியவில்லை. நாலு நாளில் ஒன்பது கோடு. படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் சிவப்பு மைப் பக்கங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்பட்டுமா?

மருமகள்


ஜூலை 11

மருமகளுக்கு,

அனுப்பாதே. தபாலை நம்பி எத்தனையோ அனுப்பலாம், அதை அனுப்பக் கூடாது. கையில் கொண்டு வா.

இன்று காலை பத்து மணிக்கு வெள்ளை மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன். இப்போது மணி மூன்று. தடிப்பு அடங்கிக்கொண்டிருக்கிறது. தூக்கம் வரவில்லை. மருந்து அலமாரியில் எல்லாக் குப்பிகளிலும் மருந்தின் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். எதற்கு என்பதைக் கீழே சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன். வந்து சரிபார். சாவி உன்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் இன்னொன்று செய்துகொள்ளவில்லை, அலமாரியைப் பூட்டாமலே வைத்திருக்கிறேன்.

படம் அளவுக்குச் சரியாக இருக்கும். அவர் அந்த விஷயத்தில் என்னைவிடக் கறார். ஆனால் எண்ணிக்கை தவறு.

ஒன்பது அல்ல, பதினொன்று. இரண்டு தடவை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தேன். நீ சமையலறையில் இருந்தாய், ஒரு தடவை மூன்றாம் நாள், ஒரு தடவை நாலாம் நாள். அந்த இரண்டு தடவையும் வாசலில் நிற்கவில்லை. பதினாறு தப்படி வந்தேன். கட்டில் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணை மூடியிருந்தார். ரொம்ப நாள் கழித்து நல்ல தூக்கம், எழுப்பக் கூடாது என்று திரும்பினேன். பென்சில் அவர் விரலிடுக்கில் இருந்தது. எதற்குப் பென்சில் என்று அப்போது புரியவில்லை.

நீ வரும்போது அதே பென்சில் இருந்தால் எடுத்து வா. வாசல் பக்கத்தில் அல்ல, கட்டில் பக்கத்தில், இரண்டு கோடு போட வேண்டும்.

அத்தை